எடையில் வராத இலை

பாடாங் செராயில், எண்ணெய் ஆலை வாசலில்,
லோரிகளை எடை போடுவது என் வேலை.
பழக்குலையோடு மேடை ஏறும்,
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்ப ஏறும்.
பெரியதில் சிறியதைக் கழித்தால்
மிச்சம் செம்பனை.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் நிறுவைக்குக் கண் தெரியாது.

என் சன்னலுக்கு வெளியே
மஞ்சள் பெயின்ட் வாளியில் கற்பூரவல்லி.
நட்டேன் என்பதுகூட மிகை.
கிளினிக் பின்வேலியில் ஒரு காம்பை முறித்துக்
கைப்பைக்குள் போட்டு மறந்து
மூன்றாம் நாள் துவண்டுகிடந்ததை
மண்ணில் குத்தி வைத்தேன்.
தண்ணீர் அதிகம் காட்டாதே,
வேர் அழுகிவிடும் என்றார்கள்.
கவனிக்காமல் இருப்பது
எனக்கு இயல்பாகவே வரும்.
பிடித்துக்கொண்டது.

வல்லி என்று பெயர், பந்தல் கேட்பதில்லை.
கற்பூரம் என்று பெயர், யாரும் கொளுத்துவதில்லை.
பூனைக்காது போல் தடித்து, ரோமம் படர்ந்து,
கிள்ளினால் ஓமம் மணக்கும்.
அந்த மணம் மாலைவரை
கணக்குச் சீட்டுகளில் ஒட்டியிருக்கும்.

மழை மாதத்தில் கதிரேசு இருமினால்
இரண்டு இலை.
கேன்டீன் அடுப்பில் வாட்டிப் பிழிந்து
தேனில் குழைத்து நக்கிவிட்டு
லோரி ஏறுவார்.
வியாழக்கிழமை ஜோஸ்பின் கடலைமாவில் முக்கி
எண்ணெயில் போடுவதற்கு
எண்ணி எட்டு.
எனக்கு, ரசம் இறக்கியபின் ஒன்று,
கிழித்துப் போட்டு மூடிவைக்க.
கொதியில் போட்டால் கசந்துவிடும்.
கைக்கு இவ்வளவுதான் என்று
நானே ஒரு விலைப்பட்டியல் வைத்திருந்தேன்,
விலை மட்டும் இல்லை.

அன்றைக்கு ஹோத்மான் வந்து நின்றான்.
சுமாத்ராக்காரன், ஆலையில் டிராக்டர் ஓட்டுகிறவன்.
சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
"பாங்குன் பாங்குன்?" என்றான்.
எழுந்திரு, எழுந்திரு.
எதற்கு என்று புரியாமல்
எழுந்து நின்றேன்.

அவன் சிரித்தான். வாளியைக் காட்டினான்.
அவர்கள் ஊரில் அதுதான் இதன் பெயராம்.
தியூர்மாவுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள்,
பால் சரியாக வரவில்லை.
அங்கே பிள்ளை பெற்றவளுக்கு
இந்த இலையைக் கசக்கித்
தேங்காய்ப்பாலில் வேகவைத்துக்
கிண்ணம் கிண்ணமாய்க் கொடுப்பார்களாம்,
ஒரு மாதத்துக்கு.

எத்தனை இலை வேண்டும் என்று கேட்டேன்.
அரிசிச் சாக்கை விரித்துப் பிடித்தான்.

இரண்டு, எட்டு, ஒன்று என்று
எண்ணிக் கொடுத்துப் பழகிய விரல்
சற்று நேரம் கத்தரிக்கோலிலேயே நின்றது.
பிறகு வெட்டினேன்.
முதலில் முற்றியதை, அப்புறம் இளசை,
கடைசியில் கொழுந்தை.
வாளியில் பச்சைக் குச்சிகள் மட்டும்
பல்லிளித்துக்கொண்டு நின்றன.

சாக்கைத் தூக்கி விளையாட்டாய்
மேடையில் வைத்தான் ஹோத்மான்.
திரையில் சைபர்.
இருந்தாலும் சீட்டு அடித்துக் கொடுத்தேன்:
சரக்கு, இலை.
அனுப்புநர், சன்னல்.
நிகர எடை, இல்லை.
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் தூக்குச்சட்டியில் எனக்கும் வந்தது.
கோழி, தேங்காய்ப்பால், கரும்பச்சையாய் என் இலைகள்.
பொய் சொல்லமாட்டேன்.
என் நாக்கு அதை இருமல் மருந்து என்றே வாதாடியது.
அரைச் சட்டிக்கு மேல் இறங்கவில்லை.
மிச்சத்தை ஜோஸ்பின் வழித்துச் சாப்பிட்டுவிட்டு
இன்னும் இருக்கா என்றாள்.

பால் வந்ததா என்று கேட்கக் கூச்சம்.
குச்சிக் கணுக்களில்
அரிசிமணி அளவுக்கு இரண்டிரண்டாய்
ஏதோ முட்டிக்கொண்டு வருகிறது,
அதைத்தான் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

கதிரேசு இருமிக்கொண்டே வந்தார்.
வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"சுடுதண்ணி குடிங்க" என்றேன்.
"எல்லாத்தையும் யாருக்குக் குடுத்தே?"
"ஒம்போது நாள் ஆளுக்கு."
அவருக்கு விளங்கவில்லை.
லோரியை மேடையில் ஏற்றினார்.
மொத்தம் இருபத்தாறு டன்,
இருமல் நீங்கலாக.